ஜீப் கூரையில் குறைந்த விலைச் சாமான் கூடை பூட்டுவது: கணக்கிலிருந்து முதல் ஓட்டம் வரை

இரண்டு பேர் சேர்ந்தால் கூடை பூட்டும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். பிழைகள் பெரும்பாலும் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. கூரையைப் பார்க்காமல் கூடையை வாங்குகிறார்கள், பிறகு அதை எப்படியாவது கூரைக்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். அதனால் வேலையின் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கூரை வகையும் பாரக் கணக்கும், அடுத்து அளவு, அதன் பிறகு கடை, பிறகு கறள் காப்பு, கடைசியில் பூட்டுதல்.

விலை கூடிய கூடைக்கும் குறைந்ததற்கும் குழாயில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. விலை குறைந்தவற்றில் சிக்கனம் பிடிக்கப்படும் இடங்கள் இரண்டு: கூடையைப் பிடிக்கக் கூடவே வரும் யூ வடிவ போல்ட்டுகள் (யூ போல்ட்), வெல்டிங் மூட்டுகளின் மேற்பூச்சு. திருகோணமலையின் உப்புக்காற்று முதலில் கை வைப்பதும் அந்த இரண்டிலும்தான். கூடையில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதியை நல்ல போல்ட்டுக்கும் நல்ல கட்டுப்பட்டிக்கும் ஒதுக்குங்கள்.

1. உங்கள் கூரை எந்த வகை?

கூடை நேரடியாகக் கூரையில் உட்காருவதில்லை. அது குறுக்குப் பார்களில் உட்காரும். பார்கள் கூரையைப் பிடித்திருக்கும். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்பதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

கூரையின் இரு பக்கமும் நீளவாக்கில், கீழே கை நுழையும் இடைவெளியோடு ரெயில் இருந்தால் வேலை சுலபம். ரெயிலைக் கவ்வும் குறுக்குப் பார் போதும். ரெயில் கூரையோடு ஒட்டி இடைவெளியில்லாமல் இருந்தால், அந்த வாகனத்துக்கென்றே வரும் கால்கள் தேவை. பழைய பஜேரோ, லேண்ட் குரூசர் போன்றவற்றில் மழைநீர் ஓடும் பீலி விளிம்பு இருக்கும். அதைக் கவ்வும் கால்கள் உறுதியானவை, ஆனால் பீலியில் கறள் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ரெயிலும் இல்லை, பீலியும் இல்லை என்றால் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கால்கள் வேண்டும். "எல்லா வாகனத்துக்கும் பொருந்தும்" என்று விற்கப்படும் கொக்கிகள் கதவு ரப்பரை நசுக்கிவிடும். மாரி மழையில் உள்ளே தண்ணீர் வடியும். வாகனத்தின் மொடலுக்கென வரும் பொருத்து கிட் கிடைக்காவிட்டால் கூடை எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் பார்களும், கதவுக்குள்ளால் பட்டி போட்டுக் கட்டும் பார்களும் இரும்புக் கூடைக்கு ஆனவை அல்ல.

ஒரு எச்சரிக்கை: சில வாகனங்களில் ரெயில் வெறும் அலங்காரப் பிளாஸ்டிக். தட்டிப் பாருங்கள், இரு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது பாரம் தாங்கும் ரெயில் அல்ல.

2. பாரக் கணக்கு

வாகனக் கைநூலில் கூரைப் பார எல்லை எழுதப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனமானால் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கும். அதே மொடல், அதே ஆண்டுக்கான ஆங்கிலக் கைநூலை இணையத்தில் தேடலாம். நாட்டுக்கு நாடு எண் வேறுபட்டால் குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியக் கூரை (சன்ரூஃப்) உள்ள மொடலுக்குத் தனி எல்லை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த எல்லை, கூரையில் ஏறும் அனைத்துக்கும் சேர்த்தது. வாகனம் 75 கி.கி தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பார்களும் கால்களும் 5 கி.கி, கூடை 18 கி.கி என்றால், சாமானுக்கு மிஞ்சுவது 52 கி.கி. ஒரு 50 கிலோ நெல் மூட்டையோடு முடிந்தது. கூடை 35 கி.கி என்றால் சாமானுக்கு 35 கி.கிதான்.

குறுக்குப் பாருக்கும் கூடைக்கும்கூடத் தனித்தனி எல்லை உண்டு. "150 கி.கி தாங்கும்" என்று கூடைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது கூடையின் பலம் மட்டும். வாகனம், பார், கூடை மூன்றில் எது குறைந்ததோ அதுவே உங்கள் எல்லை. புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் தவறும் இடம் இது.

இந்த எண் ஓடும் வாகனத்துக்கானது. நிற்கும்போது கூரை இன்னும் கூடத் தாங்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குழியில் ரயர் விழும்போது அதே சாமான் பல மடங்கு பாரமாய் இறங்கும். மணல் பாதையிலும் கிறவல் ரோட்டிலும் ஓடுவதாக இருந்தால் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. கடைக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

இவற்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்:

- இரு ரெயில்களுக்கும் இடையிலுள்ள அகலம், முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. பல வாகனங்களில் கூரை பின்பக்கம் ஒடுங்கும்.
- முன் பாருக்கும் பின் பாருக்கும் இடையில் வைக்கக்கூடிய தூரம். 70 செ.மீ அளவில் கிடைத்தால் நல்லது.
- பின்கதவை முழுக்கத் திறந்தால் அதன் மேல்விளிம்பு கூரைக்கு மேலே எங்கு வந்து நிற்கிறது என்பது.
- சுறாச்செட்டை போன்ற அன்டெனா எவ்வளவு உயரம், எங்கே இருக்கிறது என்பது.
- வாகனத்தின் உயரமும் வீட்டுப் போர்ட்டிகோவின் உயரமும்.

கடைசி அளவை மறப்பவர்கள் பலர். 1.8 மீற்றர் உயர ஜீப்பில் பாரும் கூடையும் ஏறினால் 2.1 மீற்றரைத் தொடும். கொழும்பில் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் உயர எல்லைப் பலகை தொங்கும் இடங்களில் இது சங்கடம் தரும். பூட்டி முடித்ததும் மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

குறுக்குப் பாரின் அகலத்துக்கு ஏற்ற யூ போல்ட் வேண்டும் என்பதையும் கவனியுங்கள். சதுரப் பார் 30 மி.மீ அளவு, இறக்கை வடிவ அலுமினியப் பார் 70 முதல் 80 மி.மீ வரை வரும். சதுரப் பாருக்கான யூ போல்ட் இறக்கைப் பாரைச் சுற்றாது.

4. பெட்டியில் வாங்குவதா, பட்டறையில் அடிப்பிப்பதா?

பெட்டியில் வரும் கூடை இரண்டு துண்டாக வந்து நடுவில் போல்ட்டால் இணையும். 15 முதல் 20 கி.கி வரை இருக்கும். அதன் பலவீனம் நடு இணைப்பு. அந்த இணைப்பு இரு குறுக்குப் பார்களுக்கும் நடுவே விழும். ஆகவே பாரமான சாமானை அதன்மேல் ஒரே இடத்தில் குவித்து வைக்கக் கூடாது.

பட்டறையில் அடிப்பித்தால் அளவு உங்களுடையது, நடு இணைப்பும் இருக்காது. ஆனால் எடையை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும். பட்டறைக்காரர் உறுதிக்காகத் தடித்த இரும்பைப் போடப் பார்ப்பார். 25 மி.மீ சதுரக் குழாய், 1.5 மி.மீ கனத்தில், மீற்றருக்கு ஏறக்குறைய 1.1 கி.கி, 2 மி.மீ கனத்தில் 1.45 கி.கி. 1.2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலமான கூடைக்கு 16 மீற்றர் குழாய் போகும். அதாவது 18 கி.கிக்கும் 23 கி.கிக்கும் உள்ள வித்தியாசம். 1.5 மி.மீ போதும். சுற்றுச் சட்டத்துக்கு அந்தக் குழாயையும், தளத்துக்கு 20 மி.மீ குழாயையும் போடச் சொன்னால் இன்னும் குறையும்.

பட்டறையில் இரண்டு விடயங்களைச் சொல்லி வையுங்கள். குழாய் முனைகளைத் திறந்து விடாமல் தகடு வைத்து அடைக்க வேண்டும்; அடிப்பக்கத்தில் ஒவ்வொரு குழாயிலும் 5 மி.மீ துளை ஒன்று போட வேண்டும். எப்படி அடைத்தாலும் ஈரம் உள்ளே போகும். வெளியேற வழி இல்லாவிட்டால் குழாய் உள்ளேயிருந்து அரித்து, ஒருநாள் பூச்சோடு உடைந்து விழும்.

5. கறள் காப்பு: பூட்டுவதற்கு முன்

உட்துறைமுகப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ, எங்கு நிறுத்தினாலும் வாகனத்தில் உப்பு படிகிறது. கூடையைப் பூட்டியபின் அடிப்பக்கத்துக்குத் தூரிகை எட்டாது. அதனால் இந்த வேலையைத் தரையில் வைத்தே செய்யுங்கள்.

பெட்டிக் கூடையின் பவுடர் பூச்சு பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வெல்டிங் மூட்டு, போல்ட் துளையின் உள்விளிம்பு, குழாயின் வெட்டு முனை ஆகிய மூன்றிலும் மெல்லியதாக அல்லது இல்லாமலே இருக்கும். 240 ஆம் இலக்கத் தேய்ப்புத்தாளால் அந்த இடங்களை மெல்லத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, நாகம் (சிங்க்) கலந்த பிரைமர் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் கறுப்பு எனாமல் இரண்டு பூச்சு கொடுங்கள். பூச்சுகளுக்கு இடையே டின்னில் சொல்லியிருக்கும் நேரத்தை விடுங்கள். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அதைவிடக் கூடவே விட வேண்டும். அவசரப்பட்டு ஈரப்பூச்சில் யூ போல்ட்டை இறுக்கினால் பூச்சு பிசைந்து வெளியே வந்து, அந்த இடம் வெறும் இரும்பாகிவிடும்.

கூடவே வரும் யூ போல்ட்டுகள் பெரும்பாலும் மெல்லிய நாகப் பூச்சுடையவை. அவற்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போய் அதே அளவில் 316 தரத் துருவேறா எஃகு யூ போல்ட் கேளுங்கள். மீன்பிடி வள்ளங்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் தேடுவது நல்லது. 316 கிடைக்காவிட்டால் 304. அதுவும் இல்லையென்றால் சூட்டுமுறையில் தடிப்பாக நாகம் பூசியது.

ஆனால் எஃகு போல்ட்டை அலுமினியப் பாரில் நேரடியாக வைக்காதீர்கள். உப்பு ஈரம் இடையில் இருக்கும்போது அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். யூ போல்ட்டின் வளைவில் ரப்பர் குழாய் ஒரு துண்டு மாட்டி, மேலே வரும் பிடித் தகட்டுக்கு அடியில் 2 மி.மீ ரப்பர் தகடு வைத்தால் இரண்டும் தொடாது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டினாலும் சரிவரும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

6. எடுத்து வைக்க வேண்டியவை

10, 13 மி.மீ ஸ்பானர்கள் (எம்6, எம்8 நட்டுகளுக்கு), 4, 5, 6 மி.மீ அலன் கீ, அளவு நாடா, மறைப்பு டேப், ரப்பர் தகடு, நைலோன் வளையம் உள்ள பூட்டு நட் எட்டோடு கூடுதலாக நான்கு, அகல வாஷர் எட்டு, நட் பிடிக்காமல் இருக்கப் பூசும் கிறீஸ், இரும்பறுக்கும் வாள், அரம், தடித்த போர்வை இரண்டு, வாகனத்தின் இரு பக்கமும் நிற்க உறுதியான ஸ்டூல். டோர்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. மின் டிரில்லால் நட் இறுக்குவதைத் தவிருங்கள். துருவேறா எஃகு மரை வேகத்தில் சூடாகி நட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நேரம் காலை 7 மணிக்கு முன். வைகாசி, ஆனி மாத வெயிலில் 10 மணிக்குக் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. கச்சான் (தென்மேற்குக்) காற்று எழும்பினால் பறக்கும் மணல் பூச்சிலும் மரையிலும் ஒட்டும்.

7. குறுக்குப் பார்களைப் பூட்டுதல்

கூரையையும் ரெயிலையும் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கவ்விக்கும் ரெயிலுக்கும் இடையில் ஒரு மணல் மணி இருந்தாலும் அது ஆட்டத்தில் பெயின்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

முன் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து முன் பாருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தூரம் அளந்து மறைப்பு டேப்பால் அடையாளம் இடுங்கள். பின் பாரை முன் பாரிலிருந்து அளவுங்கள், அதையும் இரு பக்கமும். கண்மட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒன்றிரண்டு செ.மீ பிசகும். அப்போது கூடையின் நான்கு பிடிகளில் ஒன்று இழுபட்டு நிற்கும். அந்த போல்ட் மற்றவற்றுக்கு முன்பே தளரும்.

நான்கு கால்களையும் கையால் பிடிக்குமளவு இறுக்கி, மறுபடி அளந்து, பின்னர் முழுதாக இறுக்குங்கள். ஒரு காலை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பார் சரியும்.

8. தரையில் கூட்டிப் பார்த்தல்

கூடையின் எல்லாத் துண்டுகளையும் தரையில் போர்வை விரித்து இணையுங்கள். நடு இணைப்பு போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விடுங்கள். கூடை சமதரையில் நான்கு மூலையும் பட நிற்பதை உறுதிசெய்த பிறகு இறுக்குங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 5 மி.மீக்கு மேல் வித்தியாசம் என்றால் கூடை கோணலாக இருக்கிறது. குறைந்த விலைக் கூடைகளில் துளைகள் சற்றுப் பிசகி வருவது வழக்கம். துளையை அரத்தால் அரை மி.மீ விரித்தால் சரிவரும். விரித்த விளிம்புக்கு உடனே பிரைமர் வையுங்கள்.

9. தூக்கி வைத்து இடம் பார்த்தல்

கூரைமேல் போர்வைகளை விரியுங்கள். பக்கத்துக்கு ஒருவராக நின்று கூடையைப் பின்பக்கத்திலிருந்து தூக்கிப் பார்களில் வையுங்கள். 20 கி.கி என்பதால் ஒருவரே தூக்கிவிடலாம் என்று தோன்றும். தூக்கலாம், ஆனால் கூரையின் விளிம்பில் இடிக்காமல் வைக்க முடியாது. கூரைத் தகட்டில் மிதிக்கவோ முழங்கால் ஊன்றவோ கூடாது. ஸ்டூலில் அல்லது கதவுப் படியில் நில்லுங்கள்.

கூடையின் நடு, இரு பார்களின் நடுவோடு பொருந்த வேண்டும். சற்றுப் பின்தள்ளி இருந்தால் பிழையில்லை, முன்தள்ளி இருந்தால் காற்றின் இரைச்சல் கூடும். இப்போது பின்கதவை மெல்லத் திறந்து பாருங்கள், கூடையிலிருந்து 3 செ.மீயாவது விலகி நிற்க வேண்டும். வாகனம் பழையதாகிக் கதவுப் பிணைச்சல் தளர்ந்தால் அந்த இடைவெளி தேவைப்படும். அன்டெனாவுக்கும் அதே 3 செ.மீ. கூரைத் தகட்டுக்கும் கூடையின் அடிக்கும் நடுவில் 5 செ.மீ விடுங்கள், பாரம் ஏறும்போது பார் வளையும்.

10. யூ போல்ட்டுகள்

யூ போல்ட்டைக் குறுக்குப் பாருக்கு அடியால் கொடுத்து, இரு கால்களும் கூடைத் தளத்தின் குழாய்களுக்கு இரு பக்கமும் மேலே வரச் செய்யுங்கள். மேலே பிடித் தகடு, அகல வாஷர், பூட்டு நட் என்ற வரிசை. தலைகீழாகப் போட்டால் போல்ட் நுனி கூரைத் தகட்டை நோக்கி நிற்கும், ஒரு பெரிய குழியில் கூரையைக் குத்தும்.

பிடிகளை எவ்வளவு வெளியே வைக்க முடியுமோ அவ்வளவு வெளியே வையுங்கள், பாரின் கால்களுக்கு அருகில். நடுவில் வைத்தால் பார் வளைந்து கூடை இருபக்கமும் ஆடும்.

மரையில் துளி கிறீஸ் தடவி, எட்டு நட்டையும் விரலால் போகுமட்டும் சுற்றுங்கள். பிறகு முன்-இடம், பின்-வலம், முன்-வலம், பின்-இடம் என்று குறுக்காக மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஒரே யூ போல்ட்டின் இரண்டு கால்களிலும் நட் சம உயரத்தில் இருக்க வேண்டும்; ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் தகடு சரிந்து பிடி பாதியாகும்.

எவ்வளவு இறுக்குவது? கூடையோடு வந்த தாளில் எண் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் எம்6 க்கு 6 முதல் 8 நியூட்டன் மீற்றர், எம்8 க்கு 12 முதல் 15. டோர்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ரப்பரைக் கவனிக்கலாம். சற்று நசுங்கி ஓரம் பிதுங்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் வெட்டுப்பட்டு இரும்போடு இரும்பு உரசும். இறக்கை அலுமினியப் பார் என்றால் பாரே பள்ளமாகும்.

நட்டுக்கு மேல் இரண்டு மூன்று மரை விட்டு மிச்சத்தை வாளால் அறுத்து அரத்தால் மழுங்கச் செய்யுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் சாமான் கட்டும்போது பட்டி கிழியும், கையும் கிழியும்.

பிறகு கூடையின் மூலையைப் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பலமாக ஆட்டுங்கள். வாகனமே சேர்ந்து ஆட வேண்டும். கூடை மட்டும் அசைந்தால், அசைவு யூ போல்ட்டிலா, பாரின் காலிலா என்று ஒருவர் ஆட்ட மற்றவர் விரல் வைத்துப் பாருங்கள்.

11. காற்றுத் தடுப்பும் இரைச்சலும்

கூடையின் முன்னால் பூட்டும் காற்றுத் தடுப்புத் தகடு வெறும் அழகுக்கு அல்ல. வெறுங்கூடை 60 கி.மீ வேகத்தைத் தாண்டியதும் கூவத் தொடங்கும். தகட்டைக் கீழ்விளிம்பு முன்னால் வரச் சரிவாகப் பூட்டி, அந்த விளிம்பில் ரப்பர் பட்டி மாட்டி, கூரையிலிருந்து ஒரு செ.மீ உயரத்தில் நிறுத்துங்கள். கூரையைத் தொட்டால் பெயின்ட் போகும். வட்டப் பாரோ சதுரப் பாரோ கூவினால், அதன்மேல் நைலோன் கயிற்றைச் சுருளாக 10 செ.மீக்கு ஒரு சுற்று சுற்றுங்கள். ஒழுங்காக உருளும் காற்று உடைந்து சத்தம் அடங்கும்.

12. முதல் ஓட்டம்

வெறுங்கூடையோடு ஊருக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு எல்லா நட்டையும் பாருங்கள். ரப்பர் அமர்வதால் கால் சுற்று தளர்ந்திருப்பது இயல்பு. அடுத்து சாமானோடு நீண்ட பயணம். கொழும்புப் பக்கம் போகிறவர்கள் சீனக்குடாவில் ஒருமுறை, கந்தளாயில் ஒருமுறை நிறுத்திப் பட்டியையும் நட்டையும் தொட்டுப் பாருங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டோரமாக, அதுவும் பொழுதுபட்ட பிறகு, யானை நடமாடும் இடத்தில் இறங்கிப் பட்டி இறுக்கும் நிலை வரக் கூடாது.

ஊருக்கு வெளியே சட்ட எல்லை 70 கி.மீ, பாரம் உள்ள கூடைக்கு அதுவே கூடினபட்ச வேகமாக இருக்கட்டும். வாகனத்தின் எடை மேலே ஏறியிருப்பதால் வளைவில் சாய்வு கூடும். கச்சான் நாட்களில் கிண்ணியாப் பாலத்தில் பக்கக்காற்று கூடையைப் பிடித்துத் தள்ளும். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

13. சாமான் கட்டுதல்

பாரமானது டிக்கியில், இலேசானதும் பருத்ததும் கூரையில். கூரையில் வைப்பவற்றிலும் கனமானவை நடுவில், இரு பார்களுக்கும் இடையே; இரண்டு துண்டுக் கூடையானால் நடு இணைப்பில் குவியாமல் பரப்பி வையுங்கள். பாய், கூடாரம், உடுப்புப் பை கூரைக்கு ஏற்றவை. சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர், 20 லீற்றர் தண்ணீர்க் கான், எரிவாயு சிலிண்டர், பெற்றோல் எதுவும் கூரைக்கு ஏறக் கூடாது. ஐஸ் போட்ட மீன் ரெஜிபோம் பெட்டியையும் மேலே வைக்காதீர்கள்: உருகும் உப்புத் தண்ணீர் பீலிக்குள்ளும் ரெயில் பிடிகளுக்குள்ளும் இறங்கிக் கறளைத் தொடங்கிவிடும்.

கூடையின் விளிம்பில் மட்டும் பட்டியைக் கொளுவாதீர்கள். மேல்விளிம்பு சாமான் உருளாமல் இருக்கத்தான். இழுவையைத் தாங்க வேண்டியது குறுக்குப் பார். இரண்டு பட்டியாவது பாரைச் சுற்றிப் போக வேண்டும். மூன்றாவது பட்டி சாமானின் முன்புறத்தைச் சுற்றிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கடும் பிரேக் பிடித்தால் 50 கி.கி சாமான் ஏறக்குறைய 40 கி.கி அளவு விசையோடு முன்னே பாயும். மேலிருந்து அமுக்கும் பட்டி அதை முழுதாகத் தடுக்காது.

பட்டியில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அதிர்ந்து இரையாது. படங்கு மூடினால் முன்பக்கத்தை அடியில் மடித்துச் செருகுங்கள், பின்பக்கத்தைக் கடைசியாகக் கட்டுங்கள். எதிர்மாறாகக் கட்டிய படங்கு காற்றை வாங்கி உப்பும். பயணம் முடிந்ததும் பட்டிகளை உள்ளே எடுத்து வையுங்கள்; வெயிலில் கிடந்த பட்டி நிறம் மங்கி, பலமும் இழந்திருக்கும்.

14. கழுவுதலும் கழற்றுதலும்

கடற்கரையில் நின்று வந்த அன்றே நல்ல தண்ணீரால் கூடையின் அடிப்பக்கத்தையும் யூ போல்ட் பிடிகளையும் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர். மாதம் ஒருமுறை நட்டுகளை ஸ்பானரால் தொட்டு, வெல்டிங் மூட்டுகளில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு தெரிந்தால் பூச்சு மட்டும் போயிருக்கலாம், வெடிப்பும் இருக்கலாம். தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வெடிப்பு என்றால் சாமான் ஏற்றாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பயன்படுத்தாத மாதங்களில் கூடையைக் கழற்றிவிடுவதே நல்லது. வெறுங்கூடையும் எரிபொருள் குடிக்கும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மழையில் பிடிகளுக்கு அடியில் ஈரம் காயாது. கழற்றும்போது நைலோன் வளைய நட் விரலாலேயே சுழன்று வந்தால் அதை எறிந்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதியதை யூ போல்ட்டோடு சேர்த்து ஒரு பையில் கட்டிக் கூடையிலேயே மாட்டி வையுங்கள்.